நகரத் திட்டமிடலில் வேலைக்குப் போகலாமா? சேலம் சிவில் மாணவியின் கேள்வி

அம்மாபேட்டைக்காரி கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். சேலத்தில் பி.இ. சிவில் கடைசி வருடம் படிக்கிறேன். அப்பா, அம்மா இருவருமே பட்டு நெசவு. வீட்டிலேயே, தரையில் குழி வெட்டி அமைத்த இரண்டு குழித்தறி.

எங்கள் தெருவில் ரோடு போடும்போதெல்லாம் பழைய ரோட்டின் மேலேயே போட்டுப் போட்டு, இப்போது ரோடு எங்கள் வாசற்படியைவிட உயரமாகிவிட்டது. ஐப்பசியில் ஒரு நல்ல மழை பிடித்தால் தண்ணீர் நேராக வீட்டுக்குள் வந்து தறிக்குழியில் இறங்கும். பாவு (தறியில் நீளவாட்டில் பூட்டிய நூல்) நனைந்தால் பட்டு வீண். குழியை இறைத்துக் காயவைக்கிற வரைக்கும் தறி ஓடாது, கூலியும் கிடையாது. எதிர்ச்சாரியில் புதிதாகச் சாக்கடை கட்டினார்கள். அதுவும் எங்கள் வாசலைவிட உயரம். தண்ணீர் எப்படி மேலே ஏறிப் போகும் என்று வேலை பார்த்தவர்களிடம் அப்பா கேட்டார். “எஸ்டிமேட்படிதான் கட்டுகிறோம்” என்று சொல்லிவிட்டார்கள்.

அந்த எஸ்டிமேட்டை யார் போடுகிறார்கள், எதை வைத்துப் போடுகிறார்கள் என்று தேட ஆரம்பித்ததில் நகர்ப்புறக் கொள்கை, நீடித்த நகர வளர்ச்சி என்றெல்லாம் ஒரு தனித் துறையே இருப்பது தெரிந்தது. படிக்கப் படிக்க எனக்கு இந்த வேலைதான் வேண்டும் என்று தோன்றுகிறது. ஆனால் யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை. கல்லூரியில் பிளேஸ்மென்ட் என்றால் ஐடி கம்பெனிதான். மாமா டிஎன்பிஎஸ்சி படி என்கிறார். இதற்கு என்ன மேற்படிப்பு? முடித்தால் வேலை உண்டா? சேலத்தில் இருந்துகொண்டே செய்ய முடியுமா, இல்லை டெல்லி, பெங்களூர் என்று போனால்தானா? பன்னிரண்டு வரை தமிழ்வழியில் படித்தேன், ஆங்கிலத்தில் சரளமாகப் பேச வராது. அதனால் முடியாது என்றால் அதையும் சொல்லிவிடுங்கள்.

மாமாங்கம் பையன்:

தங்கச்சி, நானும் சிவில் படித்துவிட்டு ஐடிக்குப் போனவன்தான். குடும்ப நிலைமையைப் பார்த்துச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. முதலில் கிடைக்கிற வேலையில் சேர், வீட்டில் கடன் இருந்தால் அதை அடை. நகரத் திட்டம் எல்லாம் கவுன்சிலரும் கான்ட்ராக்டரும் முடிவு பண்ணுவது. படித்தவர்கள் போடும் அறிக்கை அலமாரியில் கிடக்கும். நாலைந்து வருடம் சம்பாதித்துவிட்டு, அப்போதும் ஆசை இருந்தால் படி.

சூரமங்கலம் அக்கா:

தம்பி மாமாங்கம் சொல்கிற கடன் விஷயம் நியாயம், அதற்குக் கடைசியில் வருகிறேன். அலமாரி விஷயத்தை அப்படியே ஒத்துக்கொள்ள முடியாது.

தங்கச்சி, உரிமையோடு ‘நீ’ என்றே எழுதுகிறேன். நானும் சேலம்தான். சிவில் முடித்து எம்.பிளான் (நகரத் திட்டமிடல் முதுகலைப் படிப்பு) படித்தேன். திட்ட அறிக்கை தயாரிக்கும் நிறுவனத்தில் சில வருடம் இருந்துவிட்டு, இப்போது சின்ன ஊர்களுக்குக் கழிவுநீர், மழைநீர் வடிகால் திட்டம் போடும் குழுவில் இருக்கிறேன். உன் அப்பாவிடம் “எஸ்டிமேட்படிதான்” என்றார்களே, எங்கள் வேலை முழுக்க அந்த ஒரு வார்த்தைக்குள்தான் இருக்கிறது. கொள்கை என்றால் டெல்லியிலும் சென்னையிலும் அச்சடித்து வெளியிடும் புத்தகம் என்று நிறைய பேர் நினைக்கிறார்கள். அது உன் தெருவுக்கு வந்து சேர்வது எஸ்டிமேட்டில் ஒரு வரியாகத்தான். அந்த வரி இல்லையென்றால் கொள்கையும் இல்லை.

உன் தெருவையே எடுத்துக்கொள். பழைய தார் மேற்பரப்பைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதிய ரோடு போட வேண்டும், ரோட்டு மட்டம் உயரக் கூடாது என்று 2021-லேயே தலைமைச் செயலாளராக இருந்த இறையன்பு துறைகளுக்கு உத்தரவு அனுப்பினார். காரணமும் அதிலேயே சொல்லியிருந்தார்: ரோடு உயர்ந்தால் வீடுகளுக்குள் தண்ணீர் போகும். ஆக, கொள்கை இருக்கிறது. அப்புறம் ஏன் நடக்கவில்லை? ரோடு போடும் எஸ்டிமேட்டில் மில்லிங் (பழைய தாரைச் சுரண்டி எடுப்பது) என்று ஒரு வரி வேண்டும், அதற்கு ஒரு விலை வேண்டும், சுரண்டிய பொருளை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று எழுத வேண்டும். மில்லிங் இயந்திரம் உள்ளே நுழையாத சந்து என்றால் அங்கே என்ன செய்வது என்று யாராவது யோசித்து வைத்திருக்க வேண்டும். அம்மாபேட்டையில் பாதித் தெரு அப்படித்தானே. இதை முன்கூட்டி யோசித்து எழுதும் ஆள் ஒருவர் இருந்தால் உன் வீட்டுத் தறி நனையாது. அந்த ஆளாக நீ ஆகலாமா என்றுதானே கேட்கிறாய்? தாராளமாக ஆகலாம்.

இந்தத் துறையில் தொழில்நுட்பத்தைவிடத் தலைவலி கொடுப்பது, எது யாருடையது என்கிற கேள்விதான். ஏற்காட்டு மலையின் தெற்குச் சரிவில் பெய்கிற மழை கன்னங்குறிச்சியில் மூக்கனேரிக்கு வருகிறது. ஏரி நிரம்பினால் ஓடை வழியாக ஊருக்குள் இறங்கும். ஏரி ஒரு துறை. ஓடைப் புறம்போக்கு வருவாய்த் துறைப் பதிவேட்டில். தெருச் சாக்கடை மாநகராட்சி. பெரிய ரோடு வந்தால் குறுக்கே போகும் சிறுபாலம் நெடுஞ்சாலைத் துறை. சேலத்து மழைத்தண்ணீர் கடைசியில் சேரும் திருமணிமுத்தாறு சேர்வராயன் மலையில் பிறந்து, ஊர் நடுவே ஓடி, நாமக்கல் மாவட்டத்தில் காவிரியில் கலக்கிறது. அதன் கரையில் ஒரு சுவர் எழுப்புவதென்றாலும் எத்தனை கையெழுத்து வேண்டும் என்று பார். தண்ணீருக்கு இந்த எல்லை எதுவும் தெரியாது. துறைகள் ஒன்றோடொன்று பேசாத இடத்தில்தான் அது வீட்டுக்குள் நுழைகிறது. நகர்ப்புறக் கொள்கை படித்தவர்களின் முக்கால்வாசி வேலை இந்த நாலு பேரையும் ஒரே வரைபடத்துக்கு முன்னால் உட்கார வைப்பதுதான்.

சட்டத்திலும் இதே இழுபறி உண்டு. 1993-ல் நடைமுறைக்கு வந்த 74-வது அரசியல் சட்டத் திருத்தம் நகராட்சிகளுக்குக் கொடுக்கலாம் என்று 18 பொறுப்புகளைப் பட்டியல் போட்டது. அதில் முதலாவதே நகரத் திட்டமிடல். ஆனால் நம் ஊருக்கு மாஸ்டர் பிளான் (எந்த நிலம் எதற்கு என்று நிறம் கொடுத்துக் காட்டும் திட்ட வரைபடம்) வரைவது 1971-ம் வருடத்து நகர் ஊரமைப்புச் சட்டத்தின் கீழ், மாநில அரசின் நகர் ஊரமைப்புத் துறை. வரைவு வெளியிட்டு மக்களிடம் ஆட்சேபணை, ஆலோசனை கேட்பார்கள். அந்த அறிவிப்பு வந்ததே பெரும்பாலானவர்களுக்குத் தெரியாது. ஏரியை ஒட்டிய நிலம் குடியிருப்பு என்று நிறம் மாறியிருப்பது மனை போட்டு விற்ற பிறகுதான் தெரியும். எனக்கு இதில் ரொம்ப ஆதங்கம் உண்டு. நகைக்கடை விளம்பரம் நாலு பக்கத்துக்கு வருகிறது, இந்த அறிவிப்பு ஒரு மூலையில் பொடி எழுத்தில் வருகிறது. மாஸ்டர் பிளானைத் தமிழில், பகுதிவாரியாக, அம்மாபேட்டைக்காரருக்கு அம்மாபேட்டைப் பக்கத்தை மட்டும் எடுத்துக் காட்டி விளக்கும் ஆட்கள் இந்த ஊருக்கு உடனே வேண்டும். உன் தமிழ்வழிப் படிப்பு அங்கே குறை இல்லை, அதுதான் உன் மூலதனம்.

ஆங்கிலம் பற்றிக் கேட்டாய். எழுதத் தெரிய வேண்டும். திட்ட அறிக்கை, டெண்டர் எல்லாம் அதில்தான். சரளமாகப் பேசுவது அப்புறம் தானாக வரும். நான் பார்த்த வரையில், ஆணையர் மேஜையில் வேலை நடக்க வைப்பது ஒரே ஒரு பக்கக் குறிப்பு. பிரச்சினை எந்தத் தெருவில், எவ்வளவு நீளத்துக்கு, என்ன செய்யலாம், எவ்வளவு செலவு, பணம் எந்தத் தலைப்பில் இருக்கிறது, யார் கையெழுத்துப் போட வேண்டும். இதை ஒரு பக்கத்தில் எழுதத் தெரிந்தவரை எந்த அலுவலகமும் விடாது. இருநூறு பக்க அறிக்கைதான் தம்பி சொன்ன அலமாரிக்குப் போகும்.

படிப்புக்கு வருவோம். சிவில் முடித்தவர்களுக்கு எம்.பிளான் நேரான வழி. டெல்லி, போபால், விஜயவாடாவில் ஸ்கூல் ஆஃப் பிளானிங் அண்ட் ஆர்க்கிடெக்சர் இருக்கிறது. கரக்பூர், ரூர்க்கி ஐஐடிகளில் இருக்கிறது. அகமதாபாத்தில் செப்ட் பல்கலைக்கழகம். நம் பக்கத்தில் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தின் ஆர்க்கிடெக்சர் அண்ட் பிளானிங் பள்ளி. மத்திய நிறுவனங்களுக்கு கேட் (பொறியியல் மேற்படிப்புக்கான தேசியத் தேர்வு) மதிப்பெண் வேண்டும். நீ சிவில் தாள் எழுதினாலே பல இடங்களுக்கு விண்ணப்பிக்கலாம். எந்தப் படிப்புக்கு எந்தத் தாள் என்று அந்தந்த வருடத் தகுதிப் பட்டியலைப் பார்த்துக்கொள். அண்ணா பல்கலைக்கு மாநில நுழைவுத்தேர்வு வழியும் உண்டு. பொறியியல் பக்கம் இல்லாமல் நிர்வாகம், நிதி, மக்கள் பக்கம் போக ஆசை என்றால் மும்பை டாடா சமூக அறிவியல் நிறுவனத்தில் நகர்ப்புறக் கொள்கை, ஆளுகை என்றே எம்.ஏ. இருக்கிறது. பெங்களூரில் ஐஐஎச்எஸ் என்கிற நிறுவனம் எந்தப் பட்டம் படித்தவர்களையும் சேர்த்துக்கொள்ளும் நகர்ப்புற ஃபெலோஷிப் நடத்துகிறது. உன் கேள்வியைப் படித்த எனக்கு, நீ எம்.பிளான் படிப்பதுதான் சரி என்று படுகிறது. மட்டம் பார்க்கத் தெரிந்தவள், அதை விட்டுவிடாதே. கொள்கையை எப்போது வேண்டுமானாலும் படித்துக்கொள்ளலாம்.

வேலை எங்கே? திட்ட அறிக்கை போடும் கன்சல்டன்சிகள்தான் அதிகம் எடுக்கிறார்கள். ஆரம்பச் சம்பளம் ஐடி பையன்களைப் பார்த்துப் பெருமூச்சு விடும்படிதான் இருக்கும், அதை மறைக்க மாட்டேன். மூன்று நாலு வருடத்தில் சரியாகிவிடும். நகரங்களுக்கு அம்ருத் மாதிரி பெரிய மத்தியத் திட்டம் வரும்போதெல்லாம் மாநகராட்சிக்குள்ளேயே திட்ட மேலாண்மைக் குழு என்று ஒப்பந்தத்தில் ஆள் எடுப்பார்கள். திட்டம் முடிந்தால் வேலையும் முடியும். 2015-ல் தொடங்கிய ஸ்மார்ட் சிட்டியில் நம் சேலம் 2016-ல் தேர்வானது. 2025 மார்ச்சோடு அந்தத் திட்டமே முடிந்தது. அதை நம்பிச் சேர்ந்தவர்கள் அடுத்த இடம் தேட வேண்டியிருந்தது. நிரந்தரம் வேண்டுமென்றால் உன் மாமா சொல்வதிலும் வழி இருக்கிறது. நகர் ஊரமைப்புத் துறையில் உதவி இயக்குநர் பணிக்கு ஆள் எடுப்பதே டிஎன்பிஎஸ்சிதான். அதற்கு எம்.பிளான் கைகொடுக்கும். முதலமைச்சர் ஃபெலோஷிப் என்று 2022-லிருந்து தமிழக அரசு இளைஞர்களைத் துறைகளில் வைத்துப் பழக்குகிறது. அறிவிப்பு வரும்போது அதையும் பார்.

கடன் விஷயம். கேட் தேறி மத்திய நிறுவனத்தில் சேர்ந்தால் பெரும்பாலும் மாதா மாதம் உதவித்தொகை கிடைக்கும். வீட்டுக்குப் பாரம் குறையும். ஆகவே பிளேஸ்மென்ட்டில் வேலை கிடைத்தால் வாங்கி வைத்துக்கொள், கேட் எழுது. ரேங்க் பார்த்துவிட்டு முடிவெடு. இரண்டையும் சேர்த்தே ஓட்டலாம்.

சேர்வராயன் காற்று:

சூரமங்கலம் அக்கா நகரத்தைப் பற்றிச் சொன்னார். நான் மேலே ஏற்காட்டிலிருந்து எழுதுகிறேன். எங்கள் ஊரையும் உன் பட்டியலில் சேர்த்துக்கொள் தங்கச்சி, இங்கே ஆளே இல்லை.

ஏற்காடு பல ஆண்டுகளாக ஊராட்சி நிர்வாகத்தில் இருந்த ஊர். ஆனால் மே மாதம் மலர்க் கண்காட்சி சமயத்தில் வந்து பார்த்தால், ஒரு நகராட்சி திணறும் கூட்டம் இருக்கும். இருபது கொண்டை ஊசி வளைவிலும் வண்டி வரிசை. அந்தக் கூட்டம் விட்டுப்போகும் குப்பை, கழிவறைத் தண்ணீர், குடிதண்ணீர்த் தேவை எல்லாம் இங்கே இருக்கும் கொஞ்சம் தொழிலாளர்கள் தலையில். உள்ளாட்சிக்குப் பணம் பிரித்துக் கொடுக்கும்போது மக்கள்தொகைக்குத்தான் பெரிய எடை. அதுவும் இன்னும் 2011 கணக்கெடுப்பு. வந்து போகிறவர்களை யாரும் எண்ணுவதில்லை. 2027 கணக்கெடுப்பு வந்தாலும் அவர்கள் அதில் வரமாட்டார்கள்.

நான் கோயம்புத்தூரில் சமூகப்பணி படித்துவிட்டுக் குப்பை மேலாண்மையில் வேலை செய்கிறேன். வார விடுமுறை முடிந்த திங்கட்கிழமை காலையில் ஏரிப் பக்கம் தூய்மைப் பணியாளர் அக்காக்களோடு நிற்பேன். சாக்கைக் கொட்டிப் பிரித்தால் மேலாக வருவது தண்ணீர் பாட்டில் இல்லை. எச்சில் பட்ட வாழை இலை, கோழி எலும்பு, குழந்தைகளின் டயாப்பர் எல்லாம் ஒரே பையில் முடிச்சுப் போட்டு வந்திருக்கும். அதை அவிழ்க்கும்போது கையுறை கிழியும். தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1-லிருந்து தடை. அதைப் பலரும் சொல்கிறார்கள், சோதனையும் நடக்கிறது. ஈரக் குப்பையையும் டயாப்பரையும் மலையில் என்ன செய்வது என்று யாரும் பேசுவதில்லை. கீழே கொண்டுபோக டீசல், மேலே புதைக்க இடம் இல்லை. 2016-ம் ஆண்டு திடக்கழிவு விதி பிரித்துக் கொடு என்று வீட்டுக்காரருக்குச் சொன்னது சரி. ஒரு நாள் அறை எடுத்துத் தங்கிப் போகிறவருக்கு யார் சொல்வது? விடுதியில் சாவி கொடுக்கும்போதே மூன்று கூடையைக் காட்டிச் சொல்ல வேண்டும் என்று நாங்கள் கேட்டுக்கொண்டிருக்கிறோம். சில விடுதிகள் செய்கின்றன. செய்கிற இடத்துப் பைகளைத் தூரத்திலிருந்தே தெரிந்துகொள்ளலாம், இலகுவாக இருக்கும்.

இன்னொன்று, மலைக் கிராமங்களில் கட்டுமானத்துக்கு மலைப்பகுதிப் பாதுகாப்பு ஆணையத்தின் தடையில்லாச் சான்று வேண்டும். அந்த ஆணையம் 1990-லிருந்தே இருக்கிறது. ஆனால் ஒரு புதிய விடுதி கோடையில் எவ்வளவு தண்ணீர் எடுக்கும், அந்த ஊற்றை நம்பிக் கீழே எந்த ஊர் இருக்கிறது என்று கணக்குப் போட்டுக் காட்ட ஆள் வேண்டாமா? இங்கே மலையாளி என்கிற பழங்குடியினரின் ஊர்களில் சித்திரை மாதம் குடத்தோடு நிற்கும் வரிசை யார் அறிக்கையிலும் இல்லை. சிவில் படித்த பெண் ஒருத்தி இந்தக் கணக்கைச் செய்ய வந்தால் நான் தங்க இடமும் சாப்பாடும் தருகிறேன், மெய்யாகவே சொல்கிறேன்.

பழைய ஓவர்சியர்:

கண்ணு, நான் உள்ளாட்சியில் பணிமேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவன். சேலம் இல்லை, பக்கத்து மாவட்டம். வீடு இப்போது அஸ்தம்பட்டியில்.

எஸ்டிமேட் எப்படிப் போடுகிறார்கள் என்று கேட்டாய், சொல்கிறேன். உதவிப் பொறியாளர் ஒருவருக்குப் பல வார்டு இருக்கும். மார்ச் முடிவதற்குள் பணத்தைச் செலவழிக்க வேண்டும். தெருவுக்குத் தெரு லெவல் எடுக்க, அதாவது மட்டம் அளக்க, ஆளும் நேரமும் இல்லை. அதனால் போன வருடம் வேறு தெருவுக்குப் போட்ட எஸ்டிமேட்டை எடுத்து நீளத்தை மட்டும் மாற்றுவார்கள். சாக்கடை இவ்வளவு அகலம், இவ்வளவு ஆழம் என்று இருக்கும். எந்த மட்டத்தில் உட்கார வேண்டும் என்பது இருக்காது. கட்டுகிறவர் என்ன செய்வார்? ரோட்டு மட்டத்தை வைத்துக் கட்டுவார். ரோடு ஏற்கெனவே உயர்ந்திருந்தால் சாக்கடையும் உயரும். இதில் கெட்டவன் என்று ஒருவனைத் தேடினால் கிடைக்க மாட்டான். ஆள் பற்றாக்குறையும் அவசரமும்தான். மாமாங்கம் தம்பி சொல்வதுபோல எல்லாவற்றையும் கவுன்சிலர் தீர்மானிப்பதில்லை. எந்தத் தெரு முதலில் என்பதை அவர் சொல்வார். எந்த மட்டத்தில் என்று சொல்ல அவருக்குத் தெரியாது, கேட்கவும் மாட்டார். அந்த இடம் பொறியாளருடையது. அது காலியாகக் கிடக்கிறது.

படிப்பு பற்றி எனக்கு அவ்வளவு தெரியாது, அந்த அம்மா விவரமாகச் சொல்லிவிட்டார்.

அம்மாபேட்டைக்காரி:

இவ்வளவு பேர் எழுதுவீர்கள் என்று நினைக்கவே இல்லை. ஓவர்சியர் ஐயா சொன்னதை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். அவர் ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம், “அப்போ லெவல் எடுத்துக் கொடுத்தால் மாற்றுவார்களா?” என்று கேட்டார்.

அதையே என் கடைசி வருட பிராஜெக்டாக எடுக்கலாம் என்று தோன்றுகிறது. கல்லூரியில் மட்டம் அளக்கும் ஆட்டோ லெவல் கருவி இருக்கிறது. எங்கள் தெருவும் அடுத்த இரண்டு தெருவும். அக்கா, இப்படி ஒன்றைச் செய்தால் எம்.பிளான் சேர்க்கையில் உதவுமா? ஏதாவது சாஃப்ட்வேர் கற்றுக்கொள்ள வேண்டுமா? ஏற்காட்டு அக்கா, பரீட்சை முடிந்ததும் நிச்சயம் வருகிறேன்.

சூரமங்கலம் அக்கா:

கேட் மதிப்பெண்ணை அது கூட்டாது. ஆனால் நேர்காணல் வைக்கும் இடங்களில் இதைவிட நல்ல பதில் வேறெதுவும் கிடையாது. வேலைக்கு நேர்காணல் வைக்கிற என் போன்றவர்களும் முதலில் கேட்பது, “உன் தெருத் தண்ணீர் எங்கே போகிறது?” என்றுதான். முக்கால்வாசிப் பேருக்குப் பதில் தெரியாது.

ஒரே ஒரு யோசனை. மூன்று தெருவோடு நிறுத்தாதே, கீழே இறங்கிப் போ. உன் தெருச் சாக்கடை எந்தப் பெரிய ஓடையில் சேர்கிறதோ அது வரைக்கும் நடந்து, அந்த ஓடையின் அடிமட்டத்தையும் எடு. பல சமயம் தெருவைச் சரிசெய்தாலும் தண்ணீர் போகாது, ஏனென்றால் சேரும் இடத்தில் ஓடை மண் மேடாகி உயர்ந்திருக்கும். லெவல் எடுக்கும்போது ரோட்டு நடு, சாக்கடை அடி, வாசற்படி மூன்றையும் வீடு வீடாக எடு. தறி உள்ள வீட்டில் குழியின் அடியையும் எடுத்துக்கொள். நான் பார்த்த எந்த வடிகால் வரைபடத்திலும் தறிக்குழி இருந்ததில்லை. நெசவாளர் தெருவுக்கு அதுதான் தாழ்வான புள்ளி, அதை வைத்துத்தான் வடிவமைக்க வேண்டும். குழித்தறித் தெருவுக்கு என்று தனி விதி வேண்டுமென்று நாளைக்கு நீ ஒரு குறிப்பு எழுதினால், உன் கையில் இருக்கும் ஆதாரம் வேறு யாரிடமும் இருக்காது.

சாஃப்ட்வேரில் கியூஜிஐஎஸ் என்கிற வரைபட மென்பொருள் இலவசம், இப்போதே தொடங்கு. எடுத்த புள்ளிகளை அதில் ஏற்றி, உயரத்துக்குத் தக்கபடி நிறம் கொடுத்தால் தண்ணீர் எந்த வீட்டில் நிற்கும் என்று உன் அப்பாவே விரல் வைத்துக் காட்டுவார். ஓடை இருந்த இடம் பழைய பதிவில் எப்படி இருக்கிறது என்று பார்க்க நகர நில அளவைப் பதிவேடும் வரைபடமும் வாங்கு. அங்கே ஓடை என்று இருந்து, தரையில் வீடு இருந்தால் அதையும் அப்படியே குறி. ஆனால் ஆக்கிரமிப்பு என்று யார் வீட்டு வாசலிலும் நின்று சொல்லாதே. அங்கே குடியிருப்பவர் பெரும்பாலும் யாரிடமோ பணம் கொடுத்து வாங்கிய ஏழைதான். அவருக்கு மாற்று இடம் இல்லாமல் ஓடையை மீட்கும் திட்டத்தை நான் நல்ல திட்டம் என்று சொல்ல மாட்டேன்.

மூக்கனேரிக்கும் ஒரு நடை போய்விட்டு வா. 2010-ல் ஊர் மக்களே சேர்ந்து தூர்வாரி, அள்ளிய மண்ணை ஏரிக்குள்ளேயே திட்டுகளாகக் குவித்து மரம் வைத்தார்கள். இன்று அந்தத் திட்டுகளில் பறவைகள் அடைகின்றன. மண்ணை வெளியே கொண்டுபோக லாரிச் செலவு வேண்டியிருக்கவில்லை. எஸ்டிமேட் போடுகிறவள் அந்தக் கணக்கைப் பார்த்து வைத்துக்கொள்வது நல்லது.

பழைய ஓவர்சியர்:

லெவல் எடுப்பதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது கண்ணு. அந்தச் சாக்கடையின் எஸ்டிமேட் நகல் கேட்டு மண்டல அலுவலகத்துக்குத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போடு. பத்து ரூபாய்க் கட்டணம்தான், முப்பது நாளில் பதில் தர வேண்டும். எஸ்டிமேட்டை மட்டும் கேட்காதே, எம்-புக் (அளவுப் புத்தகம்) நகலும் கேள். எஸ்டிமேட் என்ன கட்ட நினைத்தார்கள் என்று சொல்லும். என்ன கட்டினார்கள், எவ்வளவு அளந்து பணம் கொடுத்தார்கள் என்பது எம்-புக்கில் இருக்கும். பணியின் பெயர், வார்டு எண், நிதி ஆண்டு மூன்றையும் மனுவில் தெளிவாக எழுது, இல்லையென்றால் ‘விவரம் போதவில்லை’ என்று திருப்பிவிடுவார்கள். பணியின் பெயர் தெரியாவிட்டால் தெருமுனையில் பெயர்ப்பலகை வைத்திருப்பார்கள், அதைப் போட்டோ எடுத்துக்கொள்.

அப்புறம், ஆட்டோ லெவல் வைக்கும்போது டிபிஎம் (மட்டத்தை ஒப்பிடும் தற்காலிக அடையாளப் புள்ளி) ஒன்றைக் கோயில் படிக்கட்டு மாதிரி யாரும் இடிக்காத இடத்தில் குறித்து வை. ரோட்டு மேல் குறிக்காதே, அடுத்த முறை ரோடு போட்டால் அதுவும் உள்ளே போய்விடும். ஸ்டாஃப் (மட்டம் பார்க்கும் அளவுகோல்) பிடிக்க ஆள் இல்லையென்றால் சொல், காலையில் ஆறு மணிக்குமேல் நான் சும்மாதான் இருக்கிறேன்.